பனியின் சாட்சியம், பாலாற்றின் சாட்சியம்

ஆய்வாளர் என்பவர் உலகுக்கு வெளியே ஓரிடத்தில் நின்றுகொண்டு உலகைக் காண்பவர் என்ற எண்ணம் நவீன அறிவியலோடு சேர்ந்தே வளர்ந்தது. அந்த எண்ணத்தைக் கலைத்தவற்றுள் துருவப் பனியும் ஒன்று. 1950களில் பூமியின் வயதைக் கணக்கிட முனைந்த அமெரிக்க வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன், தம் அளவீடுகளைக் கெடுத்துக்கொண்டிருப்பது தம் ஆய்வுக்கூடத்துக் காற்றிலும் நீரிலும் கலங்களிலும் படிந்திருந்த ஈயமே என்று கண்டார். முதலில் தம்மைச் சுற்றியுள்ள மாசை நீக்கிய பிறகே அவரால் பாறையின் வயதைச் சொல்ல முடிந்தது. பின்னர் 1969-இல் அவரும் சகாக்களும் கிரீன்லாந்துப் பனி அடுக்குகளில் ஈயம் எவ்வாறு பெருகிவந்தது என்பதை வெளியிட்டார்கள். மனிதக் காலடி படாத பனியிலும் மனிதரின் புகை எழுதப்பட்டிருந்தது.

அப்பனியைப் படிக்கச் சென்றவர்களும் கப்பலிலும் விமானத்திலும்தான் சென்றார்கள். டீசல் எரித்துத்தான் குளிர்காய்ந்தார்கள். புவி வெப்பமாவதை அளப்பவர்கள் அதற்குத் தம் பங்கையும் சேர்க்கிறார்கள் என்னும் முரண் மெல்ல மெல்ல உணரப்பட்டது. 1991 அக்டோபரில் மாட்ரிட் நகரில் அண்டார்க்டிகாவின் சுற்றுச்சூழல் காப்புக்கான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1998-இல் அது நடைமுறைக்கு வந்தது. அங்கே எந்தச் செயலைத் தொடங்கும் முன்னும் அதன் விளைவை மதிப்பிட வேண்டும், கொண்டுசென்ற கழிவைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது விதியாயிற்று. 2009-இல் பெல்ஜியம் காற்றையும் வெயிலையும் கொண்டே இயங்கும் இளவரசி எலிசபெத் நிலையத்தைத் திறந்தது. இந்தியாவின் கதையும் இதே திசையில் செல்வதுதான். 1983-84-இல் அமைந்த தட்சிண் கங்கோத்ரி பனிக்குள் புதைந்துபோக, 1990-இல் அதைக் கைவிட நேர்ந்தது. 2012-இல் இயங்கத் தொடங்கிய பாரதி நிலையமோ 134 சரக்குப் பெட்டகங்களை இணைத்து, தேவை முடிந்தபின் கழற்றி எடுத்துச் செல்லத்தக்க வகையில் எழுப்பப்பட்டது. இன்று துருவ அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு வரும் மாணவரிடம், என்ன கண்டுபிடிக்கப் போகிறாய் என்பதோடு, எவ்வளவு கரியை உமிழ்ந்து அதைக் கண்டுபிடிக்கப் போகிறாய் என்ற கேள்வியும் சேர்த்தே கேட்கப்படத் தொடங்கியிருக்கிறது.

இது நமக்குப் புதிய செய்தியன்று என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது. மாட்ரிட்டில் கையெழுத்தான அதே 1991-ஆம் ஆண்டின் ரிட் மனுவாக, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்தது. பென்குயினால் மனுப்போட முடியாது. பாலாற்றங்கரைக் குடியானவரால் முடிந்தது. ஆய்வுக்கல்விக்குப் பொறுப்பு என்ற பாடம் நம் மண்ணில் பனியிலிருந்து வரவில்லை, கெட்டுப்போன கிணறுகளிலிருந்து வந்தது.

*

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைப் பாலாறும் அதன் துணை ஓடைகளும் கோத்து நிற்கின்றன. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்துக்குள் நுழையும் இந்த ஆறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காட்சியளிப்பது. ஆனால் மணலுக்கடியில் நீர் உண்டு. ஊற்றுக்கால் வெட்டி அந்நீரை வயலுக்குக் கொண்டுசென்ற நீண்ட மரபும் உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் இப்பகுதியில் எளிதில் கிடைத்தன. தோலைத் தொட அஞ்சாத, தொட்டதற்காகவே ஒதுக்கப்பட்ட, ஒடுக்கப்பட்ட சாதியினரின் உழைப்பும், கடல்கடந்த வணிகம் அறிந்த தமிழ் முஸ்லிம்களின் முதலும் சேர்ந்தன. பட்டையில் ஊறிப் பழுப்பேறிய தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்குப் போயிற்று.

இத்தொழில் ஈட்டிய பணத்தில் ஒரு பகுதி கல்விக்கே திரும்பியது என்பதை இங்கே மறக்கலாகாது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தோன்றியது. மேல்விஷாரத்தில் தோல் வணிகரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரால் 1965-இல் கல்லூரி எழுந்தது. டேனரியின் வாடை வீசும் தெருக்களிலிருந்து வேதியியல் படிக்க ஒரு தலைமுறை கிளம்பியதற்கு இந்நிறுவனங்களும் காரணம். நீரைக் கெடுத்த தொழிலும் நீரைப் பகுத்தாயக் கற்றுக்கொடுத்த கல்லூரியும் ஒரே கொடிவழியில் வந்தவை. இந்தச் சிக்கலை விட்டுவிட்டு, ஒரு பக்கம் கொடியவர் மறுபக்கம் அப்பாவி என்று இவ்வரலாற்றை எழுதுவது எளிது, உண்மையாகாது.

*

1948 ஏப்ரலில் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கல்கத்தாவில் வங்காளத் தோல் பதனிடும் பயிலகத்தை நடத்திய அனுபவம் மிக்க பி. எம். தாஸ் அதன் முதல் இயக்குநரானார். இந்நிலையம் தொடக்கம் முதலே பல்கலைக்கழகத்தோடு ஒட்டிப் பிறந்தது. பக்கத்திலிருந்த அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் தோல் தொழில்நுட்பத்தை இங்கேயே பயின்றார்கள். 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அவ்வுறவு அதன்வழித் தொடர்ந்தது. ஆய்வு நிலையமும் வகுப்பறையும் ஒரே வளாகத்தில் இருந்ததால், முனைவர் பட்ட மாணவர் ஒருவர் காலையில் மூலக்கூற்றையும் மாலையில் சுழலும் டிரம்மையும் பார்க்க முடிந்தது.

1958 முதல் 1971 வரை இயக்குநராக இருந்த ஒய். நாயுடம்மா, குண்டூர் மாவட்டத்துக் குடியானவர் வீட்டிலிருந்து வந்தவர். அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். அவர் காலத்தில்தான் உலக அளவில் தோல் அறிவியலின் முதன்மை மையங்களுள் ஒன்றாக அடையாறு உயர்ந்தது. அதே காலத்தை ஒட்டி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலின் அடிப்படைப் புரதமான கொலாஜன் மூன்று இழைகள் முறுகிய வடிவமுடையது என்பதை 1954-இல் அறிவித்தார்கள். அடையாறு நிலையத்தின் பேரரங்கம் இன்றும் 'ட்ரிபிள் ஹெலிக்ஸ்' என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்நாளைய ஆய்வேடுகளை இயக்கிய கேள்வி தெளிவானது: அழுகக்கூடிய தோல் எவ்வாறு அழியாத தோலாகிறது? டேனின் கொலாஜனோடு எப்படிப் பிணைகிறது? குரோமியம் எங்கே பற்றுகிறது? புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. கேள்விகள் அத்தேவையோடு இசைந்திருந்தன. தோலுக்குள் புகுந்ததை ஆய்வாளர்கள் நுணுகி அளந்தார்கள். தோலுக்குள் புகாமல் எஞ்சியதை ஓடைகள் ஏற்றுக்கொண்டன.

*

எஞ்சியது சிறிதன்று. வழக்கமான குரோம் முறையில் இடப்படும் குரோமியத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடே தோலைப் பற்றும்; மீதி நீரோடு போகும். ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் நீர் வேண்டும். கெடாதிருக்கப் பச்சைத் தோலின்மேல் கொட்டும் உப்பு, தோலின் எடையில் ஐந்தில் இரண்டு பங்களவுக்குப் போகும். அந்த உப்பின் பெரும்பகுதி ஊறல் கட்டத்திலேயே கரைந்து வெளியேறும். ஒரு டன் பச்சைத் தோலிலிருந்து கால் டன்னுக்கு மேல் முடிந்த தோல் கிடைப்பதில்லை.

பட்டை முறை மாசற்றது என்று சொல்லிவிட முடியாது. அதன் கழிவுநீரும் கரியதே. ஆனால் 1970களில் நிகழ்ந்த மாற்றம் வேறு அளவிலானது. 1972-இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரையின்படி, 1973-இல் பச்சைத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கும் வரம்பு கட்டப்பட்டது. முடிந்த தோலாகவும் செருப்பாகவும் அனுப்பினால் நாட்டுக்குக் கூடுதல் வருவாய், உள்ளூரில் கூடுதல் வேலை என்பது நோக்கம். நோக்கம் நிறைவேறவும் செய்தது. ஆம்பூரின் காலணித் தொழிற்கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் முதன்முறையாக மாதச் சம்பளம் பெற்றார்கள். ஆனால் அதுவரை ஐரோப்பிய நகரங்களில் நடந்துவந்த குரோம் வேலையும் சாய வேலையும் அவற்றின் கழிவோடு பாலாற்றங்கரைக்கு வந்துசேர்ந்தன. மதிப்புக் கூடியது என்று ஏட்டில் எழுதப்பட்டது. கூடிய மற்றொன்று எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இராணிப்பேட்டையில் 1975 முதல் 1995 வரை இயங்கி மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை, ஒன்றரை இலட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவை வெட்டவெளியில் விட்டுச் சென்றது. 2006-இல் பிளாக்ஸ்மித் அமைப்பு வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டை இடம்பெற்றது. தோலின் பெயரால் அறியப்பட்டிருந்த ஊர் கழிவின் பெயரால் அறியப்படலாயிற்று.

*

1996 ஆகஸ்ட் 28 அன்று, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்ட கணக்கு அதில் இடம்பெற்றுள்ளது: டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம், பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது.

இத்தீர்ப்பு சட்ட மாணவர்களுக்கு நன்கு அறிமுகமானது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அறிவித்த தீர்ப்பு இது. 1987-இன் பிரண்ட்லண்ட் அறிக்கையிலும் 1992-இன் ரியோ மாநாட்டிலும் பேசப்பட்ட நிலைத்த வளர்ச்சி என்னும் கருத்து, இந்திய நீதித்துறையில் உறுதியாக வேரூன்றியது இந்தத் தோல் வழக்கின் மூலமே. உலகச் சொல்லொன்று நம் நாட்டில் வேலூர் முகவரியோடு சட்டமாயிற்று.

அறிவியல் மாணவர்கள் படிக்கவேண்டிய வரி இன்னொன்று அதில் உண்டு. தன் செயல் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு அச்செயலைச் செய்பவரையே சாரும் என்பது அது. அதுவரை குடியானவர்தாம் தம் கிணறு கெட்டது இன்ன டேனரியால் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை. பாட்டிலில் பிடித்த கலங்கல் நீர் மட்டுமே இருந்தது. நிரூபிக்கும் சுமை இடம் மாறியபோது, அதைத் தாங்கக்கூடிய ஆட்கள் தொழிலுக்கும் அரசுக்கும் தேவைப்பட்டார்கள். முனைவர் பட்ட ஆய்வு என்பதே நிரூபிக்கும் கலையில் அளிக்கப்படும் பயிற்சி அல்லவா? ஆக, நீதிமன்றம் ஆணையிட்டது டேனரிகளுக்குத்தான் என்றாலும், அது மாற்றியமைத்தது ஆய்வேடுகளின் கேள்வியையும்.

*

அடையாற்றில் அந்த மாற்றம் தீர்ப்புக்கு முன்பே தொடங்கியிருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். குரோமியத்தைக் கழிவுநீரிலிருந்து மக்னீசியம் ஆக்சைடு கொண்டு படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தும் முறையைத் தொழிற்கூடங்களுக்குக் கொண்டுசென்றவர்கள் அங்கிருந்த ஆய்வாளர்களே. 1996 முதல் 2006 வரை இயக்குநராக இருந்த டி. இராமசாமி, சென்னையில் தோல் தொழில்நுட்பமும் இங்கிலாந்தின் லீட்ஸில் வேதியியல் ஆய்வும் பயின்றவர். குரோமியத்தின் வேதியியலையே தம் துறையாகக் கொண்டவர். எந்த உலோகம் குற்றவாளிக் கூண்டில் நின்றதோ, அதன் இயல்பை அணுவணுவாக அறிந்தவர் நிலையத்தின் தலைமையில் இருந்தார்.

அக்காலத்து ஆய்வுகளில் ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறோம். பழைய முறையில் தோல் முதலில் சுண்ணாம்பில் ஊறும். அப்போது அதன் பி.எச். எண் 12-க்கு மேல் செல்லும். பின்னர் குரோமியம் ஏற்பதற்காக அமிலத்தில் இடப்பட்டு 3-க்கு அருகே இறக்கப்படும். பிறகு மீண்டும் ஏற்றப்படும். ஒன்றைச் செய்து, செய்ததை அழித்து, மறுபடி வேறொன்றைச் செய்வது. ஒவ்வோர் ஏற்றத்துக்கும் காரம், ஒவ்வோர் இறக்கத்துக்கும் அமிலம், இரண்டும் சேர்ந்தால் உப்பு, உப்பெல்லாம் ஆற்றுக்கு. தலைமுறை தலைமுறையாக வந்த இந்த வரிசையை எவரும் ஐயுற்றதில்லை. அடையாற்று ஆய்வாளர்கள், சுண்ணாம்புக்குப் பதில் நொதிகளைக் கொண்டு முடிநீக்கி, 4-க்கும் 8-க்கும் இடைப்பட்ட குறுகிய எல்லைக்குள்ளேயே முழு வேலையையும் முடிக்க முடியும் என்று காட்டினார்கள். கழிவை எப்படிச் சுத்திகரிப்பது என்று கேட்பதற்குப் பதிலாக, இக்கழிவு ஏன் பிறக்கவேண்டும் என்று கேட்டதே அதன் சிறப்பு. சில ஆண்டுகளுக்கு முன் நிலையம் அறிமுகப்படுத்திய, குரோம் ஏற்றும் கட்டத்தில் நீரே சேர்க்காத முறையும் இக்கேள்வியின் வாரிசுதான்.

ஆய்வுக்கல்வியின் அமைப்பிலும் ஒரு மாற்றம் வந்தது. அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் நிலையங்களில் பயில்வோருக்குப் பட்டம் வழங்க ஏற்பட்ட அகாதமியில், முனைவர் பட்ட மாணவர் சில வாரங்கள் ஊர்ப்புறத்தில் தங்கிச் சமூகச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும் என்பது பாடத்திட்டத்தின் பகுதி. அடையாற்றிலிருந்து ஆம்பூர் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். காலையில் புறப்படும் இரயில் உச்சிப்பொழுதுக்குள் சேர்த்துவிடும். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் வழக்கமாக வரும் மாசு பற்றிய பத்தியை, அந்த நீரைக் குடித்தவர் வாயிலிருந்து கேட்டு எழுதுவதற்கு இப்படியொரு விதி வேண்டியிருந்தது.

*

நீதிமன்ற அழுத்தத்தால் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய இடங்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பின்னர், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிலைக்கு அவை உயர்த்தப்பட்டன. சவ்வுகளின் வழியே நீரை அழுத்தி வடிகட்டுகிறார்கள். மீளும் நல்ல நீர் டேனரிக்கே திரும்புகிறது. எஞ்சும் கடும் உப்புநீரைக் கொதிகலனின் ஆவியால் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். ஆற்றைப் பொறுத்தவரை இது பெரும் முன்னேற்றம்.

ஆனால் சவ்வுக்கு மின்சாரம் வேண்டும். காய்ச்சுவதற்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். நீரிலிருந்து எடுத்த மாசின் ஒரு பகுதியைப் புகையாக வானுக்கு அனுப்புகிறோம். துருவத்துப் பனியும் பாலாற்று மணலும் சந்திக்கும் இடம் இதுவே. ஆம்பூரில் உப்புநீரைக் காய்ச்சிய கரி எங்கும் போய்விடவில்லை. பனியை உருக்கும் அதே வளிமண்டலத்தில்தான் சேர்கிறது. காய்ச்சி எடுத்த கலப்பு உப்பை வாங்குவார் எளிதில் இல்லை, கொட்டகைகளில் குவிகிறது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டைச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். ஆற்றுக்குப் போகாத கழிவு உறங்கிக்கொண்டிருந்த மனிதர்மேல் போய் விழுந்தது.

ஆகவே இன்று ஒரு முனைவர் பட்ட ஆய்வு, குரோமியத்தின் அளவு குறைந்தது என்று மட்டும் நிரூபித்தால் போதாது. அதற்கு எவ்வளவு நீர், எவ்வளவு விறகு, எவ்வளவு உப்பு, எத்தனை பேரின் உடல் ஈடாகக் கொடுக்கப்பட்டது என்பதையும் ஒரே கணக்கில் எழுதிக் காட்டவேண்டும். நொதி முறை சிறந்தது என்றால் அதற்குக் காரணம் நீர் மட்டுமன்று. பிறக்காத உப்பைக் காய்ச்ச வேண்டியதில்லை, காய்ச்சாத உப்புக்குக் கரி எரிக்க வேண்டியதில்லை, குவியாத கசடுக்குச் சுவர் எழுப்ப வேண்டியதில்லை. இம்முறை ஆய்வேட்டிலிருந்து டேனரிக்கு இறங்கத் தாமதமாவதற்கும் காரணங்கள் உண்டு. சிறு டேனரிகள் பிறர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுத் தருபவை. நொதிக்கு வெப்பமும் நேரமும் நுட்பமாகக் காக்கப்பட வேண்டும். ஒரு டிரம் தோல் கெட்டால் அந்த மாதமே கெட்டது. கணக்கை எழுதும் ஆய்வாளர் இந்த அச்சத்துக்கும் அதில் இடம் ஒதுக்கவேண்டும்.

*

1996 தீர்ப்பின் வழி அமைந்த இழப்பீட்டு ஆணையம், 2001-இல் ஏறத்தாழ 29,000 குடும்பங்களுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் ஈடு கணக்கிட்டது. கெட்ட நிலம் அத்தனையும் மீளவில்லை, வழக்கும் முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்பளிக்க நேர்ந்தது. விடுபட்ட இழப்பீட்டை வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்கவும் அது ஆணையிட்டது. முதல் மனுவுக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. மனுப் போட்ட காலத்தில் பிறந்த பிள்ளை, படித்திருந்தால், இதற்குள் முனைவர் பட்டமே பெற்றிருக்கும்.

துருவ ஆய்வாளர்கள் இன்று தமக்குத் தாமே விதித்துக்கொள்ளத் தொடங்கியிருக்கும் ஒழுக்கம் போற்றத்தக்கது. அது அவர்களுக்கு மனச்சான்றிலிருந்து வந்தது. நமக்கு அது மனுவிலிருந்து வந்தது. கேட்டவர்கள் நிலமிழந்தவர்கள், கேட்கப்பட்ட இடம் நீதிமன்றம். மனுவிலிருந்து வந்த ஒழுக்கம் கீழானதென்று நாம் கருதவில்லை. அதற்கு முன்னால் எப்போதும் ஒரு வாதி நிற்கிறார் என்பது அதன் வலிமை. பதனிடும் வேதியியலில் இனி எழுதப்படும் ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் வழக்கமான தேர்வாளர்களோடு இன்னொரு தேர்வாளரும் உண்டு. அவர் வாணியம்பாடிக்குக் கிழக்கே, பாலாற்றங்கரையில், கிணற்று நீரை வாயில் வைத்துப் பார்த்து உப்பின் அளவைச் சொல்லக்கூடியவர். அவரிடம் தேறாத ஆய்வு எங்கே தேறினாலும் தேறியதாகாது.